கோ-ஒப் எடுத்தால் மகன் கராஜோடு நின்றுவிடுவானா?

கேள்வி: என் மகன் ஸ்காபரோவில் 11ஆம் வகுப்பு படிக்கிறான், வயது 16. புள்ளிகள் எழுபதுகளில்தான் நிற்கின்றன, கணிதமும் பௌதிகமும் கொஞ்சம் கூடுதல். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் "தெரியாது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இப்போது அடுத்த வருடப் பாடத்தெரிவில் கோ-ஒப் என்ற வேலைப்பயிற்சிப் பாடத்தைப் போட்டிருக்கிறான், அதுவும் கார் திருத்தும் கராஜ் ஒன்றில், சம்பளமும் இல்லையாம். இவருக்குச் சரியான கோபம். "நான் வந்த நாளிலிருந்து கோப்பை கழுவினது இவன் கிறீஸ் துடைக்கிறதுக்கா?" என்று கத்துகிறார். மகன் சனி ஞாயிறுகளில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையிலும் வேலை செய்கிறான். கோ-ஒப் எடுத்தால் பல்கலைக்கழகம் போகிற வழி அடைபட்டுவிடுமா? எங்களுக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர் தன் அலுவலகத்தில் எடுக்கிறேன் என்கிறார், அங்கே மாற்றிவிடலாமா? போன பிறகு அவனுக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது? - ஒரு தாய், ஸ்காபரோ, கனடா

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் பெரிய பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம். அடைபடாது. ஆனால் பாடங்களைக் கணக்குப் பார்த்துப் போடாவிட்டால் சிக்கல் வரலாம். அது கோ-ஒப்பின் பிழை இல்லை, படிவத்தை அவசரத்தில் நிரப்புகிற பிழை. நான் பள்ளிக்கூடத்தில் கோ-ஒப் பார்க்கிற ஆசிரியன், பெப்ரவரி மாதம் வந்தால் இதே கேள்வியோடு பெற்றோர் வருவார்கள், அதிலும் தமிழ்ப் பெற்றோர் என்றால் பெரும்பாலும் தாய் தனியாக வருவார், தகப்பன் கோபத்தில் வீட்டில் இருப்பார்.

கணக்கு இதுதான். ஒன்ராறியோவில் ஒரு வருடத்துக்கு எட்டுக் கிறெடிட், அதாவது எட்டுப் பாட அலகு, ஒரு செமஸ்ரருக்கு (அரையாண்டுக்கு) நான்கு. பல்கலைக்கழகம் போக 12ஆம் வகுப்பில் ஆறு பாடங்கள் வேண்டும், அவை பாடக் குறியீட்டின் கடைசியில் யூ (பல்கலைக்கழகத்துக்கானது) அல்லது எம் (பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் பொதுவானது) என்று முடிகிற பாடங்களாக இருக்க வேண்டும். எஞ்சினியரிங் பக்கம் ஒரு கண் இருக்கிறதென்றால் ஆங்கிலம், அட்வான்ஸ்ட் பங்ஷன்ஸ், கல்குலஸ் என்ற இரண்டு கணிதப் பாடங்கள், பௌதிகம், இரசாயனம் ஐந்தும் கட்டாயம் மாதிரித்தான், ஆறாவதை அவன் விருப்பப்படி எடுக்கலாம். எட்டில் ஆறு போனால் மீதி இரண்டு. கோ-ஒப்பில் ஒரு கிறெடிட் என்பது 110 மணித்தியாலம், அரைநாள் கோ-ஒப் என்பது இரண்டு கிறெடிட், அதாவது 220 மணித்தியாலம், சரியாக அந்த இரண்டு இடத்துக்குள் அடங்கிவிடும். முழுநாள் கோ-ஒப் என்றால் நான்கு கிறெடிட், அதை 12ஆம் வகுப்பில் எடுத்தால் ஆறு பாடங்களுக்கு இடம் இல்லை, கோடை வகுப்பு அல்லது இன்னொரு செமஸ்ரர் என்று ஓட வேண்டி வரும். ஆகவே படிவத்தில் அவன் போட்டிருப்பது இரண்டா நான்கா என்று இன்றைக்கே பாருங்கள். கோ-ஒப்புக்குக் கிடைக்கிற புள்ளி அந்த ஆறு பாடச் சராசரியில் சேராது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது.

எந்தச் செமஸ்ரரில் எடுப்பது என்பதிலும் ஒரு யோசனை வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பம் ஜனவரி நடுப்பகுதியில் முடிகிறது. பெப்ரவரியில் தொடங்குகிற கோ-ஒப் எடுத்தால், விண்ணப்பம் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பிள்ளை வேலைத்தலத்தில் கால் வைப்பான், அது இருட்டில் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு வெளிச்சம் வந்த பிறகு முகவரியைத் தேடுவது போல. செப்டெம்பரில் தொடங்கினால் நாலு மாதம் பார்த்துவிட்டு விண்ணப்பம் நிரப்பலாம். இதில் ஒரு கஷ்டம் உண்டு, மறைக்க மாட்டேன்: முதல் செமஸ்ரரில் இரண்டு பாடம்தான் இருக்கும், இரண்டாவதில் நாலும் சேர்ந்து இடிக்கும். அதில் கல்குலஸும் இரசாயனமும் ஒன்றாக வந்தால் பாவம் பெடியன். சில பள்ளிச் சபைகள் கோடையிலும் இரண்டு கிறெடிட் கோ-ஒப் நடத்துகின்றன, உங்கள் பள்ளிக்கு அது இருந்தால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஜூலை, ஆகஸ்டில் முடித்துவிட்டு 12ஆம் வகுப்பை முழுதாகப் படிப்புக்கு விடலாம்.

சரி, இப்போது உங்கள் கணவரின் கோபத்துக்கு வருவோம். அதை நான் லேசாக எடுக்கவில்லை. தொண்ணூறுகளில் வந்து இரண்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஆள், அந்தக் கைகள் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கராஜ் என்றால் அவருக்குத் தெரிவது ஒருவர் காருக்குக் கீழே கிடப்பதுதான். அவரிடம் ஒன்று கேளுங்கள்: வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மகனுக்கு இடம் கிடைத்தால் சந்தோஷப்படுவாரா? படுவார், ஊர் முழுக்கச் சொல்வார். வாட்டர்லூவுக்குப் பெயர் வந்ததே கோ-ஒப்பால்தான், 1957இல் அது தொடங்கியதே அப்படித்தான், சில மாதம் படிப்பு, சில மாதம் வேலை. இந்த முறையையே 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் எஞ்சினியரிங் மாணவர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பித் தொடங்கிவைத்தார். இருபது வயதில் செய்தால் பெருமை, பதினாறு வயதில் செய்தால் அவமானம் என்று நாங்கள் ஏன் வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்குவதே இல்லை. பதினாறு வயதில் பிழையாகிப் போனால் ஒரு செமஸ்ரர்தான் போகும். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் "இது எனக்கு ஒத்துவராது" என்று தெரிந்தால் எவ்வளவு காசு போயிருக்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

என் பார்வையில் கோ-ஒப்பின் உண்மையான பலன் பிள்ளை ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வதில் இல்லை. 220 மணியில் யாரும் மெக்கானிக் ஆக முடியாது. ஒரு வேலைத்தலத்தில் எத்தனை விதமான வேலைகள் நடக்கின்றன என்று கண்ணால் பார்ப்பதுதான் பலன். வெளியே இருந்து பார்த்தால் கராஜில் ஒரே வேலை. உள்ளே போனால் காரைத் தூக்கி வைத்துப் பிரேக் மாற்றுகிறவர் ஒருவர், கணினியைக் காரில் செருகி எங்கே பிழை என்று தேடுகிறவர் இன்னொருவர், முன்னால் நின்று "ஏன் இவ்வளவு பில்?" என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளரைச் சமாளிக்கிறவர் வேறொருவர், உதிரிப்பாகம் எங்கே மலிவு என்று காலையில் இருந்து ஃபோனில் இருப்பவர் இன்னுமொருவர், பின் அறையில் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக் கணக்கோடு தலையைச் சொறிகிற முதலாளி. அவனுக்கு இதில் யாருடைய நாள் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு பிள்ளையின் கதை சொல்கிறேன். பார்மசிஸ்ட் ஆக வேண்டும் என்று உறுதியாக இருந்தவள், அம்மா அப்பாவுக்கும் அதே கனவு. ஒரு சிறிய மருந்துக்கடையில் இடம் எடுத்துக் கொடுத்தேன். நான் பார்க்கப் போன நாளில் அவள் கவுண்டருக்குப் பின்னால் நின்று, பார்மசி உதவியாளர் தட்டில் மாத்திரைகளைக் கொட்டித் தட்டையான கத்தி மாதிரி ஒன்றால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பார்மசிஸ்ட், ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காப்புறுதிக் கொம்பனியோடு வாதாடிக்கொண்டிருந்தார், ஒரு வயதான ஐயாவின் மருந்துக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்கிறார்களாம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சேர், இவர் முக்கால்வாசி நேரம் ஃபோனிலதான்" என்றாள், சலிப்போடு சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அந்த ஃபோன் சண்டைதான் அவளுக்குப் பிடித்திருந்தது! மாத்திரை எண்ணுவது அவளுக்கு நித்திரை வரவைத்தது, ஐயாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததுதான் வீட்டில் போய்க் கதைத்த விஷயம். இப்போது சுகாதார நிர்வாகம் படிக்கிறாள். மருந்துக்கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு படிப்பு இருப்பதே அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்காது.

கராஜுக்குப் போய் அவனுக்கு அது உண்மையிலேயே பிடித்துவிட்டால்? உங்கள் கணவர் பயப்படுவது இதற்குத்தான், எனவே நேராகச் சொல்கிறேன். அங்கிருந்து பல வழிகள் போகின்றன. வாகனத் திருத்துநர் என்பது ஒன்ராறியோவில் சான்றிதழ் கட்டாயமான தொழில், யாரும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்து செய்ய முடியாது. அப்ரென்டிஸாக, அதாவது வேலை பழகுநராக, ஏறக்குறைய 7,200 மணித்தியாலம், அதற்குள் 240 மணி வீதம் மூன்று தடவை கல்லூரி வகுப்பு. வகுப்புக்கு ஸ்காபரோவை விட்டே போக வேண்டியதில்லை, வோர்டன் - எக்ளின்ரன் பக்கம் சென்டெனியல் கல்லூரியின் ஆஷ்டன்பீ வளாகம் இருக்கிறது, வாகனத் தொழில்களுக்கென்றே உள்ள இடம். படிக்கும்போதே அப்ரென்டிஸாகப் பதிய ஓயாப் என்ற மாகாணத் திட்டம் இருக்கிறது, வேலை செய்கிற மணிகள் பிற்காலக் கணக்கில் சேரும். மறுபக்கம், பெடியனுக்குக் கணிதமும் பௌதிகமும் கொஞ்சம் கூடுதல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கைவேலையை விடப் பிழை கண்டுபிடிப்பதில் அவனுக்கு ஆசை வந்தால், ஒஷாவாவில் ஒன்ராறியோ டெக் பல்கலைக்கழகத்தில் வாகனப் பொறியியலுக்கென்றே பட்டப்படிப்பு உண்டு, உங்கள் வீட்டிலிருந்து கிழக்கே போகிற 401 நெடுஞ்சாலைதான். அங்கே போக எழுபதுகளில் நிற்கிற புள்ளி ஏற வேண்டும், அது உண்மை. ஆனால் எதற்காகப் படிக்கிறேன் என்று தெரிந்த பிள்ளையின் புள்ளி ஏறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், ரியூஷனுக்கு அனுப்பி ஏறியதை விடக் கூடுதலாக.

இப்போது அந்தக் கணக்காளர். நல்ல மனதோடு கேட்டிருப்பார், நன்றி சொல்லிவிட்டு விடுங்கள். மகனுக்குக் கணக்கியலில் ஆசை இருந்து அவனே கேட்டிருந்தால் கதை வேறு. தெரிந்தவர் இடத்தில் பிள்ளை "இன்னாரின் மகன்" ஆகத்தான் இருப்பான், பிந்தி வந்தால் திட்ட மாட்டார்கள், பிழை விட்டால் அவனிடம் சொல்லாமல் இரவு உங்களுக்கு ஃபோன் எடுத்துச் சொல்வார்கள். வரிக் காலம் இல்லாத மாதங்களில் ஒரு மூலையில் இருத்திப் பழைய கடதாசிகளை ஸ்கான் பண்ணக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாத ஒரு மனிதர் "நீ நாளைக்கு எட்டு மணிக்கு வா, எட்டு ஐந்துக்கு இல்லை" என்று சொல்வதில் ஒரு படிப்பு இருக்கிறது. கராஜுக்கும் நீங்கள் ஃபோன் எடுக்க வேண்டாம். ரெசுமே எழுதுவது, நேர்முகத்துக்குப் போவது எல்லாவற்றையும் கோ-ஒப் ஆசிரியர் தொடக்கத்திலேயே வகுப்பில் சொல்லிக் கொடுப்பார், பெடியன் தானே கதைக்கட்டும், குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

சம்பளம் இல்லாதது பற்றி. பெரும்பாலான கோ-ஒப் அப்படித்தான், அதற்குப் பதில் கிறெடிட் கிடைக்கிறது. சும்மா வேலை வாங்குகிறார்கள் என்ற கோபம் நியாயமானதுதான், சில இடங்களில் அது நடக்கிறதும் உண்மை. கண்டுபிடிக்கும் வழி சுலபம். முதல் இரண்டு மூன்று வாரம் தும்புத்தடியும் கையுமாக நிற்பான், கராஜில் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள், அதற்குக் குறை சொல்லாதீர்கள். ஆனால் ஒக்டோபர் கடைசியில் குளிர்கால ரயர் மாற்ற வரிசையில் கார்கள் நிற்கிற நேரத்திலும் அவன் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறான், ரயரைத் தொடவே விடவில்லை, நட்டை எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்று ஒருவரும் காட்டவில்லை என்றால் கோ-ஒப் ஆசிரியரிடம் அவன் சொல்ல வேண்டும். என்ன கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்பதற்கு ஒரு திட்டம் எழுதுவோம், அதைக் காட்டித்தான் நாங்கள் முதலாளியோடு கதைப்போம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் பெற்றோர் கொஞ்சம் மூக்கை நுழைக்கலாம், நுழைக்கவும் வேண்டும். வேலை தொடங்க முன் ஒரு ஒப்பந்தப் படிவம் வரும், மகன் 18 வயதுக்குக் கீழ் என்பதால் நீங்களும் கையெழுத்து வைக்க வேண்டும். சம்பளமில்லாத கோ-ஒப்பில் காயம் பட்டால் டபிள்யூஎஸ்ஐபி என்ற மாகாண வேலைவிபத்துக் காப்புறுதி அந்தப் படிவத்தின் பேரில்தான் கிடைக்கிறது, அதில் எழுதிய நாளும் நேரமும் முக்கியம். "சனிக்கிழமையும் வந்து உதவி செய், தம்பி" என்று முதலாளி அன்பாகக் கேட்டால் படிவத்தில் சனிக்கிழமை இல்லையென்றால் போகக்கூடாது, முதலில் ஆசிரியரிடம் கேட்கட்டும். சப்பாத்து வாங்கும்போது பச்சை முக்கோணம் குத்திய பாதுகாப்புச் சப்பாத்தாகப் பாருங்கள், சில பள்ளிகள் இரவல் கொடுப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆபத்தான வேலையை "நான் செய்ய மாட்டேன்" என்று மறுக்கச் சட்டப்படி அவனுக்கு உரிமை இருக்கிறது, 2014 முடிவிலிருந்து சம்பளமில்லாத கோ-ஒப் மாணவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இதை வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லவேண்டி இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்தச் சாப்பாட்டுக்கடை. கோ-ஒப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். சம்பளச் சிட்டை வருகிறதா? கையில் காசாகக் கொடுக்கிறார்களா? ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரிலிருந்து பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர், 18 வயதுக்குக் கீழ் பள்ளி நாட்களில் வாரம் 28 மணி வரை வேலை செய்கிற மாணவருக்கு 16.60. எங்கள் ஆட்களின் கடை, தெரிந்த மனிசர் என்று பத்து டொலரோடு விட்டுவிடாதீர்கள். அத்தோடு, அந்த வேலையும் அவனுக்கு வழி காட்டுகிற வேலைதான். இரவு கடை பூட்டி வந்ததும் எதைப் பற்றிக் கதைக்கிறான் என்று கவனியுங்கள். கொத்து அடிக்கிற அண்ணையின் வேகத்தைப் பற்றியா, ஓடர் மாறிப் போய்ச் சண்டை வந்ததைப் பற்றியா, பிறீசர் பழுதாகித் தான் அதை நோண்டிப் பார்த்ததைப் பற்றியா? மூன்றும் மூன்று திசை.

"என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள். பதினாறு வயதில் அதற்கு நேர்மையான பதில் "தெரியாது" என்பதுதான், அவன் பொய் சொல்லாமல் இருக்கிறான் என்று சந்தோஷப்படுங்கள். அதற்குப் பதிலாக, வேலை தொடங்கிய பிறகு, "அங்கே யாருடைய வேலை உனக்குக் கிடைத்தால் விருப்பம்?" என்று கேளுங்கள், "யாருடைய வேலை வேண்டவே வேண்டாம்?" என்றும். இரண்டாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். கணவரைக் கூட்டிக்கொண்டு கராஜில் போய் நிற்க வேண்டாம், ஆனால் ஆஷ்டன்பீயில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிற நாள் வரும்போது மூன்று பேரும் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். எண்ணெய்த் துணியை எதிர்பார்த்துப் போகிற தகப்பன்மார் மின்சாரக் காரின் பற்றரியைத் திறந்துவைத்துப் பாடம் நடக்கிறதைக் கண்டால் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசியாக, பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் வாரமே பிடிக்கவில்லை என்று வந்து நிற்பான், அதைப் பெரிதாக எடுக்காதீர்கள், அந்த நேரத்தில் எல்லோருக்கும் கால் நோகும், ஒருவரையும் தெரியாது, மதியம் யாரோடு சாப்பிடுவது என்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்தும் அதே கதை என்றால் என்ன பிடிக்கவில்லை என்று பிரித்துக் கேளுங்கள். வேலை பிடிக்கவில்லையா, அந்த மனிதர்கள் பிடிக்கவில்லையா? மனிதர்கள் சரியில்லை, கத்துகிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள் என்றால் அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லுங்கள், இடம் மாற்றலாம், செய்த மணிகள் வீணாகாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. வேலைதான் பிடிக்கவில்லை என்றால் முடிக்கட்டும். தானாக நின்றுவிட்டு வீட்டில் இருக்க மட்டும் விடாதீர்கள், மணிகள் நிரம்பாவிட்டால் கிறெடிட் இல்லை, பட்டியலில் இரண்டு ஓட்டை விழும், 12ஆம் வகுப்பில் அதை அடைக்க நேரமும் இராது.

பாடத்தெரிவுப் படிவத்தை இந்த வாரம் பள்ளியின் வழிகாட்டல் ஆசிரியரிடம் கொண்டுபோய், "ஆறு யூ, எம் பாடங்களும் இரண்டு கோ-ஒப்பும் ஒன்றோடொன்று மோதாமல் வருகிறதா?" என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். கோ-ஒப்பை முதல் செமஸ்ரரில் போடும்படியும் அவனே கேட்கட்டும்.